மௌனம் சம்மதமா? – ஒரு ரிசீவர் கேட்கும் கேள்வி

(சென்னை நந்தனத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையின் மேல் ஒரு பழைய தொலைபேசியை வைத்திருக்கிறேன். இதன் ரிசீவரை எடுத்தால் எங்கோ இருக்கும் இணைப்பகத்துக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு, அது தெரிந்துவிடும். வைத்தாலும் தெரிந்துவிடும். சரியாக வைக்காமல் கோணலாக வைத்துவிட்டுப் போனால் அதுவும் ஒரு வகையில் தெரியும். இவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு கருவிக்கு, நம் வீட்டு மேசையில் நடப்பது எப்படித் தெரிகிறது? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

இப்போது யார் வீட்டில் இந்தத் தொலைபேசி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம் மாணவர்களில் பலர் ரிசீவரைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் ஒரு சாவி, ஒரு மின்கல அடுக்கு, இரண்டு கம்பிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செய்தியை அறியும் கருவிக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 6-ஆம் வகுப்பு மின்னியல் பாடம் போதும், இது புரிந்துவிடும். புரிந்த பிறகு, கருவிகளைப் பற்றி மட்டுமல்லாமல் நம் வகுப்பறையைப் பற்றியும் ஒரு கேள்வி எழும். அதற்கு உரையின் இறுதியில் வருகிறேன்.

ஓடினால் ஒரு செய்தி, ஓடாவிட்டால் ஒரு செய்தி

சென்னைக்குத் தொலைபேசி வந்தது 1880-களின் தொடக்கத்தில். கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இணைப்பகங்களைப் பெற்றன. அக்காலத் தொலைபேசியில் ரிசீவரை எடுத்தால் மட்டும் போதாது. பெட்டியின் பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். உள்ளே இருந்த சிறு மின்னாக்கி மின்சாரம் உண்டாக்கும். இணைப்பகத்தில் அந்த வீட்டு எண்ணுக்கு உரிய சிறு மூடி கீழே விழும். பணியாளர் அதைப் பார்த்து, "யார் வேண்டும்?" என்று கேட்பார். அதாவது, நாம் கூப்பிடுகிறோம் என்பதை நாமே முயன்று சொல்ல வேண்டியிருந்தது.

பின்னர் வந்த முறையில் மின்கல அடுக்கு இணைப்பகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இரண்டு செம்புக் கம்பிகள் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். ரிசீவர் தாங்கியின் மேல் இருக்கும்போது அதன் எடை ஒரு சிறு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது பேச்சுக்கான மின்சுற்று திறந்திருக்கும், நேர்மின்னோட்டம் ஓடாது. ரிசீவரை எடுத்ததும் பொத்தான் மேலே வரும், மின்சுற்று மூடும், மின்னோட்டம் ஓடும்.

10-ஆம் வகுப்பு மாணவரிடம் இதைக் கணக்காகவே தரலாம். இணைப்பகச் சுருள், கம்பி, தொலைபேசி எல்லாம் சேர்ந்து மின்சுற்றின் மொத்த மின்தடை 1200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 1200-ஆல் வகுத்தால் 0.04 ஆம்பியர், அதாவது 40 மில்லி ஆம்பியர். நடைமுறையில் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இது இருக்கும். இந்தச் சிறிய மின்னோட்டம் இணைப்பகத்தில் இருக்கும் ரிலே என்ற மின்காந்தச் சாவியை இழுக்கும். "இந்த வீட்டில் ரிசீவர் எடுக்கப்பட்டது" என்பது அதன் பொருள். உடனே டயல் டோன் வரும்.

மாணவர்கள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். "ரிசீவர் கீழே இருக்கும்போது மின்னோட்டம் ஓடாது என்றால் மணி எப்படி அடிக்கிறது?" மணியை அடிக்க இணைப்பகம் அனுப்புவது மாறுமின்னோட்டம். ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ட் வரை, நொடிக்கு 20 அல்லது 25 சுழற்சிகள் கொண்டது. மணிக்கு முன்னால் ஒரு மின்தேக்கி இருக்கும். அது நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும், மாறுமின்னோட்டத்தைப் போகவிடும். எனவே மணி அடித்தாலும் ரிசீவர் எடுக்கப்படவில்லை என்பதில் இணைப்பகத்துக்குக் குழப்பம் வராது. எடுத்த நொடியில் நேர்மின்னோட்டம் ஓடும், மணி நின்றுவிடும். இந்த மின்தேக்கியை நினைவில் வையுங்கள். பின்னால் அது மீண்டும் வரும்.

கால அளவும் ஒரு மொழி

சுழலும் டயல் உள்ள தொலைபேசியில் 5 என்ற எண்ணைச் சுழற்றினால் என்ன நடந்தது? டயல் திரும்பி வரும்போது மின்சுற்றை 5 முறை துண்டித்து இணைத்தது. பூச்சியத்துக்கு 10 முறை. நொடிக்குப் பத்துத் துடிப்புகள் என்ற வேகம். டயலைத் தொடாமல், ரிசீவர் தாங்கியின் பொத்தானையே விரலால் சரியான வேகத்தில் தட்டி எண்ணை அழைத்த கில்லாடிகள் அந்தக் காலத்தில் உண்டு.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. டயல் சுழன்றாலும் மின்னோட்டம் நிற்கிறது, ரிசீவரைக் கீழே வைத்தாலும் மின்னோட்டம் நிற்கிறது. இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? கால அளவை வைத்துத்தான். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நின்றால் அது டயல் துடிப்பு. நொடியில் பல பங்கு நேரம் தொடர்ந்து நின்றால் பேச்சு முடிந்துவிட்டது. "ஓடுகிறதா, ஓடவில்லையா, எவ்வளவு நேரம்?" இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான மனிதர்களின் உரையாடல்களைப் பல பத்தாண்டுகள் இணைத்தார்கள். சிக்கனத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

எஸ்.டி.டி. பூத்துகளில் நின்ற தலைமுறை நாம். பூத்தின் மீட்டர் எப்போது ஓடத் தொடங்கும் என்று கண்கொட்டாமல் பார்த்திருப்போம். எதிர்முனையில் ரிசீவர் எடுக்கப்பட்டதை இணைப்பகம் அறிந்ததும், இந்தப் பக்கம் இருக்கும் இரண்டு கம்பிகளின் நேர்முனை, எதிர்முனைகளை மாற்றியோ வேறு துடிப்பு ஒன்றை அனுப்பியோ மீட்டருக்குச் செய்தி சொல்லும். மீட்டர் ஓடும். நாம் கேட்ட ஆள் எடுத்தாரா, பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்ததா என்பது அதற்குத் தெரியாது. எடுக்கப்பட்டது என்பது மட்டும் தெரியும். காசு போனது போனதுதான்!

கருவி எங்கே ஏமாறுகிறது?

"கருவிக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது. "அதற்கு எது தெரியாது?" என்று கேட்டால்தான் மீதிப் பாடம் நடக்கும்.

முதல் ஏமாற்றம்: ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. அடியில் ஒரு பேனா சிக்கியிருக்கிறது, அல்லது பூனை தட்டிவிட்டது. பொத்தான் அழுந்தவில்லை. யாரும் பேசவில்லை, ஆனால் மின்னோட்டம் ஓடுகிறது. இணைப்பகம் முதலில் டயல் டோன் தரும். எண் எதுவும் வராவிட்டால் சிறிது நேரத்தில் அதை நிறுத்தும். பல இணைப்பகங்கள் அதன் பிறகு காதைக் கிழிக்கும் ஓர் ஊளை ஒலியை அனுப்பின. அறையில் யாராவது இருந்தால் கேட்டு ரிசீவரைச் சரியாக வைக்கட்டும் என்பதற்காக. அதற்கும் பயனில்லை என்றால் அந்த இணைப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். ஏனெனில் பழைய இணைப்பகத்தில் எண்களை வாங்கிக்கொள்ளும் கருவிகள் குறைவு. பலரும் பங்கிட்டுப் பயன்படுத்த வேண்டியவை. ஒரு வீட்டின் கோணல் ரிசீவர் ஒன்றும் செய்யாது. நிலநடுக்கம் போன்ற நேரங்களில் ஆயிரக்கணக்கான ரிசீவர்கள் ஒரே சமயத்தில் தாங்கியிலிருந்து விழுந்தால், உண்மையில் உதவி கேட்டு அழைப்பவருக்கு டயல் டோன் கிடைக்காமல் போகும்.

ஊரிலிருந்து அழைக்கும் மகனை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வயதான தாய் தனியாக இருக்கிறார். எத்தனை முறை அழைத்தாலும் எங்கேஜ்டு டோன். அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாரா, ரிசீவர் கோணலாக இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டாரா? ஒரே ஒலிக்கு மூன்று பொருள். அந்த வித்தியாசத்தைச் சொல்ல இயந்திரத்தால் முடியாது. இணைப்பகப் பணியாளர் யாராவது இணைப்பில் காதுவைத்துப் பேச்சுக் குரல் கேட்கிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

இரண்டாவது ஏமாற்றம்: மழை. மண்ணுக்கடியில் போகும் கேபிளில் தண்ணீர் இறங்கினால் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்னோட்டம் கசியும். வடகிழக்குப் பருவமழையைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசிவு அதிகமானால், ரிசீவரை யாரோ எடுத்துவிட்டதாக இணைப்பகம் நினைத்துக்கொள்ளும். யாரும் இல்லாத காதுக்கு டயல் டோன் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது ஏமாற்றம்தான் மிக முக்கியமானது. கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் ஓடாது. ரிசீவர் ஒழுங்காகத் தாங்கியில் இருந்தாலும் மின்னோட்டம் ஓடாது. நலமாக ஓய்வெடுக்கும் தொலைபேசியும் செத்துப்போன தொலைபேசியும் இணைப்பகத்தின் பார்வையில் ஒன்றே! இரண்டும் மௌனம். மௌனத்தை நலம் என்று பொருள்கொள்ளும்படி அந்தக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்வோமே, அதை அப்படியே மின்சுற்றாக்கினால் அதுதான் தொலைபேசி.

மௌனத்தை ஆபத்தாகக் கொள்ளும் கருவி

மௌனத்துக்கு வேறு பொருள் கொடுக்க முடியுமா? முடியும். தியாகராய நகரில் ஏதாவது ஒரு பெரிய கைப்பேசிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பார்வைக்கு வைத்திருக்கும் கைப்பேசியின் பின்னால் சுருள் கம்பி ஒன்று இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம். கம்பியை அறுத்தாலோ, ஒட்டியிருக்கும் உணர்வியைப் பிய்த்தாலோ அபாய ஒலி எழும்.

இதுவும் கைப்பேசி இடம் மாறியதை அறியும் கருவிதான். ஆனால் இதன் தர்க்கம் தலைகீழானது. இங்கே மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறது என்றால் எல்லாம் நலம். நின்றால் ஆபத்து. எதனால் நின்றது என்று இந்தக் கருவி ஆராய்வதில்லை. அறுத்திருந்தாலும், பிய்த்திருந்தாலும், இணைப்பு தானாகக் கழன்றிருந்தாலும் ஒலிக்கும். திருடன் கம்பியை அறுத்துக் கருவியின் வாயை அடைக்க முடியாது. அறுப்பதே அதற்குக் குரல் கொடுத்துவிடுகிறது.

இதே கருத்து நமக்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிய அளவில் இருக்கிறது. மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே தினமும் ரயிலில் போகிறோம். முன்னால் ஒரு ரயில் நிற்பது பின்னால் வரும் ரயிலின் சிக்னலுக்கு எப்படித் தெரியும்? ரயில்வேயில் பல இடங்களில் பயன்படும் தண்டவாள மின்சுற்றை 1872-இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் உருவாக்கினார். இரண்டு தண்டவாளங்களையும் இரண்டு கம்பிகளாக்கி, ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருந்தால் மின்னோட்டம் ரிலேவை அடையும், பச்சை விளக்கு எரிய வழி கிடைக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்னோட்டம் அந்தக் குறுக்குவழியில் போய்விடும், ரிலே விழும், சிவப்பு எரியும்.

இதில் அழகு எங்கே இருக்கிறது? மின்கலம் தீர்ந்துபோனாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். தண்டவாளம் முறிந்தாலும் பெரும்பாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. "எனக்குத் தெரியவில்லை" என்ற நிலை வந்தால் "நில்" என்று சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள். இதனால் சில வேளைகளில் தேவையில்லாமல் ரயில் நிற்கும், நாம் அலுத்துக்கொள்வோம். அந்த அலுப்பு, உயிருக்குக் கொடுக்கும் சிறு விலை.

எந்தத் தர்க்கம் எங்கே பொருந்தும் என்பதை மாணவர்கள் விவாதிக்கட்டும். தொலைபேசி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு எந்நேரமும் மின்னோட்டம் ஓடவிட்டால் வீண் செலவு. எனவே மௌனம் என்றால் நலம் என்று வைத்தார்கள். ரயில் பாதையில் தவறு நேர்ந்தால் உயிர் போகும். எனவே மௌனம் என்றால் ஆபத்து என்று வைத்தார்கள். தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்துத்தான் மௌனத்தின் பொருளை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி: கேட்டுப் பார்ப்பது

சும்மா இருக்கும் தொலைபேசியையும் அறுந்த கம்பியையும் வேறுபடுத்த முடியாது என்று சொன்னேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் முடியாது. ஆனால் கேட்டுப் பார்த்தால் முடியும்.

மணிக்கு முன்னால் இருந்த மின்தேக்கியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இணைப்பகத்தின் சோதனைக் கருவி கம்பியில் ஒரு சிறு மாறுமின்னழுத்தத்தை அனுப்பும். மணி அடிக்கும் அளவுக்குப் பெரியது அல்ல. மறுமுனையில் தொலைபேசி இருந்தால் அதன் மின்தேக்கி வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் திரும்பி வரும். கம்பி அறுந்திருந்தால் அந்த அளவு வராது. நலமான தொலைபேசி ஒரு விதமாகவும், அறுந்த கம்பி வேறு விதமாகவும் பதில் சொல்லும்படியான ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பவருக்குத் தொந்தரவில்லை; தூங்குபவர் விழிக்கவும் மாட்டார். உண்மை தெரிந்துவிடுகிறது.

நல்ல கேள்விக்கு இதுவே இலக்கணம் என்று நினைக்கிறேன். இரண்டு நிலைகளில் இருப்பவர்களும் ஒரே பதிலைத் தரும் கேள்வி, சோதனை ஆகாது.

தாங்கி இல்லாத காலத்தில்

கைப்பேசிக்குத் தாங்கி இல்லை, கொக்கி இல்லை. ஆனாலும் மேசையிலிருந்து எடுத்ததும் திரை ஒளிர்கிறதே! உள்ளே முடுக்கமானி என்ற உணர்வி இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய, தலைமுடியின் தடிமனைவிட நுண்ணிய பற்கள் கொண்ட ஒரு சிறு நிறை, சிலிக்கன் சுருள்களில் தொங்குகிறது. கைப்பேசி அசையும்போது அந்த நிறை நிலைமத்தால் பின்தங்கும். பற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் மாறும். அதை அளந்து அசைவைக் கணக்கிடுகிறார்கள்.

மேசையில் அசையாமல் கிடக்கும் கைப்பேசியின் முடுக்கமானி ஏறத்தாழ 9.8 மீட்டர்/நொடி² என்று காட்டும். கீழே விழுந்துகொண்டிருக்கும்போது ஏறத்தாழ சுழியைக் காட்டும். 10-ஆம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்தில் மின்தூக்கியையும் தோற்ற எடையையும் நடத்தும்போது இதை நேரடியாகவே காட்டலாம். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் இந்த அளவுகள் வரைபடமாகவே வரும். தலையணையின் மேல் போட்டுப் பாருங்கள், தரையில் அல்ல!

அண்ணா சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது கையிலிருந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டு வண்டியில் பறந்துவிடும் செய்திகளைப் படிக்கிறோம். 2024-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதற்காக ஒரு வசதி வந்தது. சட்டென்று பறிக்கப்படும் குலுக்கல், உடனே ஓட்டம் அல்லது வாகன வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத் திரையைத் தானாகப் பூட்டிவிடும். இங்கேயும் நம் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: இதற்கு எது தெரியாது? நண்பன் விளையாட்டாகப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் பூட்டிவிடலாம். நெரிசலான பேருந்தில் சட்டைப்பையிலிருந்து மெல்ல உருவினால் குலுக்கலே இருக்காது. அப்போது கருவி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை நலம் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

கைப்பேசி வலையமைப்பு இன்னொரு பாடத்தையும் தருகிறது. நாம் பேசாதபோதும் நம் கைப்பேசி குறிப்பிட்ட இடைவெளிகளில், "நான் இருக்கிறேன்" என்று கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நெடுநேரம் அந்தச் செய்தி வராவிட்டால், அந்த எண்ணை எட்ட முடியாதது என்று வலையமைப்பு குறித்துக்கொள்ளும். அழைப்பவருக்கு, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது அல்லது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்ற பொருளில் அறிவிப்பு வரும். "அல்லது" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இரண்டில் எது என்று தனக்குத் தெரியாததை அந்த அறிவிப்பு நேர்மையாக ஒப்புக்கொள்கிறது.

தொலைந்தே போய்விட்டால்? ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. நட்சத்திரக்குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். இன்றே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு, 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படும் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால், அந்தக் கைப்பேசியை இந்திய வலையமைப்புகளில் முடக்கலாம். சிம்மை மாற்றினாலும் பயன்படாது.

வகுப்பில் செய்து பார்க்க

மூன்று சிறு செயல்பாடுகள். ஒன்றரை வோல்ட் மின்கலங்கள், சிறு விளக்கு, கம்பி, தகரத் துண்டுகள், ஒரு ஜியோமெட்ரி பெட்டி போதும்.

ஒன்று, தொலைபேசிச் சுற்று. வளையும் தகரப் பட்டை ஒன்றின் மேல் பெட்டியை வையுங்கள். பெட்டியின் எடையால் பட்டை கீழே அழுந்தி, மேலே இருக்கும் தொடுமுனையிலிருந்து விலகியிருக்க வேண்டும். பெட்டியை எடுத்தால் பட்டை எழும்பித் தொடும், விளக்கு எரியும்.

இரண்டு, கடைச் சுற்று. விளக்குக்குப் போகும் கம்பியைப் பெட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கம்பியைக் கழற்றாமல் பெட்டியை எடுத்துப்போக முடியாது. கழற்றினால் விளக்கு அணையும்.

இப்போது மாணவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு சுற்றுகளிலும் ஏதாவது ஒரு கம்பியைக் கழற்றிவிடுங்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, "எதில் கோளாறு?" என்று சொல்லட்டும். இரண்டாவதில் உடனே கண்டுபிடிப்பார்கள். முதலாவதில் எல்லாம் சரி என்பார்கள். பெட்டியை எடுத்துப் பார்த்த பிறகே உண்மை தெரியும்.

மூன்று, சோதனைப் பொத்தான். பெட்டியை எடுக்காமலேயே முதல் சுற்று நலமா என்று அறிய எங்கே ஒரு சாவியைச் சேர்ப்பது? இதற்கு விடை சொல்லாதீர்கள். குழுவாக யோசிக்கட்டும். பட்டைக்கும் தொடுமுனைக்கும் இணையாக ஒரு சாவி வைக்கலாம் என்பதற்கு யாராவது வந்து சேர்வார்கள். பிறகு, "அந்தச் சாவி எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை?" என்று கேளுங்கள். பட்டை துருப்பிடித்திருந்தால் அந்தச் சோதனை காட்டாது என்று ஒரு குழந்தை சொன்னால், அன்றைய பாடம் முழுமையாக நடந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இயங்கும் தொலைபேசி இணைப்பின் கம்பிகளை மாணவர்கள் தொட வேண்டாம். மணி அடிக்கும் மின்னழுத்தம் அதிர்ச்சி கொடுக்கும்.

நம் வகுப்பறை எந்தச் சுற்று?

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். பாடம் முடிந்ததும், "புரிந்ததா?" என்று கேட்கிறோம். வகுப்பு அமைதியாக இருக்கிறது, அல்லது, "புரிந்தது சார்", "புரிந்தது மிஸ்" என்று ஒரே குரலில் சொல்கிறது. அடுத்த பாடத்துக்குப் போகிறோம். புரிந்த குழந்தையும் அமைதியாக இருக்கிறது, கம்பி அறுந்த குழந்தையும் அமைதியாக இருக்கிறது. நம் வகுப்பறை தொலைபேசிச் சுற்றாக அமைந்திருக்கிறது.

அதை மாற்ற அதிகம் தேவையில்லை. புரிந்தவரும் புரியாதவரும் வெவ்வேறு பதிலைத் தரும் ஒரு கேள்வி போதும். "மின்னோட்டம் என்றால் புரிந்ததா?" என்பதற்குப் பதிலாக, "இந்தக் கம்பியைக் கழற்றினால் எந்த விளக்கு அணையும்? எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுங்கள்" என்று கேட்டால், யாரையும் எழுப்பி நிறுத்தி வெட்கப்பட வைக்காமலே நமக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பாடத்தைவிடப் பெரியது. நம் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417, 1098 ஆகிய உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. பெட்டியைத் திறக்கிறோம், காலியாக இருக்கிறது. "நம் பள்ளியில் ஒரு குறையும் இல்லை" என்று நிம்மதி அடைகிறோம். அந்த மௌனம் தாங்கியில் இருக்கும் ரிசீவரா, அறுந்த கம்பியா? பெட்டிக்கு அருகில் போனாலே யாராவது பார்ப்பார்கள் என்று ஒரு குழந்தை அஞ்சியிருந்தால், அந்தப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். குழந்தையின் பாதுகாப்பு ரயில் பாதையைப் போன்றது. அங்கே மௌனத்தை நலம் என்று கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஒரு எளிய வழி: மாதம் ஒரு நாள் வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவுத் தாளைக் கொடுங்கள். பெயர் வேண்டாம். சொல்ல இருப்பவர் சொல்லட்டும். சொல்ல எதுவும் இல்லாதவர் அன்று சாப்பிட்டது என்ன என்று எழுதட்டும், ஒரு படம் வரையட்டும். எல்லோரும் எழுத வேண்டும், எல்லோரும் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அப்போது பெட்டிக்குப் போவது யாரையும் காட்டிக்கொடுக்காது. நாற்பது குழந்தைகள் வந்த வகுப்பில் முப்பத்தெட்டுத் தாள்களே இருந்தால், அந்த இரண்டும்கூட நமக்கு ஒரு செய்தி. மின்னோட்டம் எப்போதும் ஓடும் சுற்றாகப் பெட்டியை மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

நாள்தோறும் பேசாமல் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போகும் ஒரு குழந்தையின் பெயர் இப்போது உங்கள் மனத்தில் வந்திருக்கலாம். நாளை காலை அந்தக் குழந்தையிடம், ஆம் இல்லை என்று பதில் சொல்லி முடித்துவிட முடியாத ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம். காத்திருங்கள்.

நான் சொன்னது புரிந்ததா என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. மேசைக்கு வாருங்கள், மூன்று சுற்றுகளையும் சேர்ந்து அமைத்துப் பார்ப்போம்.